முகத்தில் காடி வெட்டுவதும் டூலின் அடிவயிறும்

போன கிழமை கட்டாரில் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவன் என்னிடம் ஒன்றரை வருசம் லேத் (கடைசல் மெசின்) பழகிய தம்பி, இப்போது அங்கே ஒரு வேலைத்தளத்தில் நிற்கிறான். படத்தில் 4 மி.மீ. அகலமான இன்சேர்ட் ஒன்று, அதாவது டூலின் நுனியில் மாட்டும் கார்பைட் வெட்டுவாய், ஒரு மூலை பறந்து, மிச்சம் நீலம் பாய்ந்து கிடக்கிறது. கீழே ஒரே கேள்வி: "அண்ணா, இது கிரேட் பிழையோ ஸ்பீட் பிழையோ?"

இன்சேர்ட்டைப் பிடிக்கும் ஹோல்டரைக் கழற்றி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்படா என்றேன். அனுப்பினான். இன்சேர்ட்டுக்கு ஒரு விரல் கீழே, ஹோல்டரின் மெல்லிய தகடான பிளேட்டின் வெளிப்பக்கம், சாம்பல் போட்டுத் தேய்த்த கரண்டி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. கிரேட்டும் (கார்பைட்டின் ரகம்) பிழையில்லை, ஸ்பீடும் பிழையில்லை. ஆனால் என்ன பிழை என்பதைக் குரல் பதிவில் சொல்லி விளங்கவைக்க என்னால் ஏலவில்லை. மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் அழித்துவிட்டு, சரி, எழுதியே அனுப்புவோம் என்று இங்கே உட்கார்ந்தேன். அவனுக்கு மட்டுமல்ல, லேத்தில் முகப்பக்கம், அதாவது சுற்றும் உருப்படியின் தட்டையான முன்பக்கத்தில், வட்டமாகக் காடி (பள்ளம்) வெட்டப்போகும் யாருக்கும் இது உதவும்.

இந்த மினுக்கத்தை எனக்கு முதலில் காட்டித் தந்தவர் பெரியப்பா. எங்கள் பட்டறை திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் ஒரு பலநாள் படகின் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மூடியைக் கிண்ணியா நானா ஒருவர் கொண்டுவந்தார். உப்புத்தண்ணீர் தின்று, ஒழுக்கை அடைக்கும் றபர் வளையமான ஓ றிங் இருக்கும் காடி சூத்தைப் பல் மாதிரி ஆகியிருந்தது. 316 ஸ்டெயின்லெஸில் புதிதாக ஒன்று கடைந்து தரவேணும், "ஐசும் ஏத்தியாச்சு தம்பி, நாளைக்கு விடிய இறங்கோணும்" என்று வழமையான அவசரம். இவர்களுடைய அவசரத்தைக் கோபிக்க முடியாது. படகு கட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு நட்டம்.

மூடியின் வெளி விட்டம், போல்ட் ஓட்டைகள், பேசிங் (முகத்தைச் சீவுவது) எல்லாம் சுகமாக முடிந்தது. மிச்சம் காடிதான். வெளி விட்டம் 96 மி.மீ., அகலம் 4.6, ஆழம் 2.65. காடி என்றால் காடிதானே, உருளையின் மேல் வெட்டினால் என்ன, முகத்தில் வெட்டினால் என்ன என்று நினைத்து, துண்டு அறுக்கும் பார்ட்டிங் ஹோல்டரைத் திருப்பி, உருப்படியைப் பிடிக்கும் சக்கைப் பார்த்தபடி டூல் போஸ்டில் (டூலைப் பிடிக்கும் கட்டை) இறுக்கி, 3 மி.மீ. இன்சேர்ட்டோடு உள்ளே விட்டேன். அரை மி.மீ. வரை வெண்ணெய். அதற்குப் பிறகு ஒரு கீச்சு. இன்னும் கொஞ்சம் கைச்சில்லைச் சுற்றினேன், கீச்சு ஊளையானது, புகை வந்தது, இன்சேர்ட் போனது. ஸ்டெயின்லெஸ் இறுகிவிட்டது, ஸ்பீட் கூடிவிட்டது என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்துச் சுற்றைக் குறைத்து அடுத்த இன்சேர்ட்டைப் போட்டேன். அதுவும் போனது. கொழும்பில் பழைய சோனகத் தெருவுக்கு ஆள் அனுப்பி எடுப்பித்த இன்சேர்ட்டுகள் அவை, பெட்டியில் மிச்சம் இருந்தது மூன்று.

பெரியப்பா அந்த நேரம் பிளேன்ரீக்கு வந்தவர். அவருக்கு லேத் பழக்கியவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் டொக்யாட்டில் வெள்ளைக்காரர் காலத்தில் வேலை செய்தவர். 1957 இல் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகு வெளியே வந்து தனியாகப் பட்டறை போட்டவராம். அதனாலோ என்னவோ பெரியப்பா கடைசிவரை இஞ்சிலும் 'தௌ'விலும்தான் (இஞ்சில் ஆயிரத்தில் ஒன்று) கதைப்பார். இன்சேர்ட்டைப் பார்க்கவே இல்லை. ஹோல்டரைக் கழற்றச் சொல்லி, பிளேட்டின் அடியில் பெருவிரலால் தடவி, அந்த மினுக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். "வாய் வெட்டுது, வயிறு முட்டுது" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

இனி நான் விளக்குகிறேன். ஒரு பெரிய சட்டிக்குள் அதைவிடச் சின்னச் சட்டி ஒன்றை வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வளைந்த இடைவெளிதான் நீங்கள் வெட்டும் காடி. அதற்குள் பள்ளிக்கூடத்து அடிமட்டம் ஒன்றை நெடுக்காக இறக்கிப் பாருங்கள். அடிமட்டத்தின் தடிப்பு இடைவெளியைவிடக் குறைவாக இருந்தாலும் இறங்காது, அதன் ஓரங்கள் வெளிச்சட்டியில் முட்டும். லேத்திலும் இதுதான். டூலின் வாய் சென்டர் உயரத்தில் (சுற்றும் அச்சின் மட்டத்தில்) நிற்கிறது, ஆனால் டூலுக்கு வாய் மட்டுமா இருக்கிறது? அதற்குக் கீழே இன்சேர்ட்டின் உடம்பு, அதற்கும் கீழே பிளேட். அந்தக் கீழ்ப்பகுதியும் காடிக்குள் போகவேண்டும். சென்டரில் இருந்து கீழே போகப் போகக் காடியின் வெளிச்சுவர் வட்டமாக உள்நோக்கி வருகிறது.

எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டால்தான் பயம் வரும். காடியின் வெளி விட்டம் 60 என்று வையுங்கள், ஆரை 30. சென்டருக்கு 5 மி.மீ. கீழே சுவர் 0.42 உள்ளே வந்துவிடும். 10 மி.மீ. கீழே 1.72. 15 மி.மீ. கீழே 4 மி.மீ.! அதாவது 4 மி.மீ. அகலமான நேர் பிளேட் ஒன்றின் முழு அகலமும் அந்த இடத்தில் சுவருக்குள் நிற்கிறது. இதுவே விட்டம் 200 என்றால் 10 மி.மீ. கீழே அரை மி.மீ. மட்டும். பெரிய விட்டத்தில் நேர் டூல் எப்படியோ சமாளித்துவிடும், விட்டம் சிறுத்தால் கழுத்தைப் பிடிக்கும். நான் முதல் முறை 300 விட்டத்தில் ஒரு வார்ப்பிரும்புத் தட்டில் காடி வெட்டி ஒன்றும் ஆகாமல் தப்பியிருந்தேன், அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

இதற்காகத்தான் முகக் காடிக்கென்று வளைந்த பிளேட் உள்ள ஹோல்டர் விற்கிறார்கள். பிளேட் கீழே போகப் போக அச்சுப் பக்கம் வளைந்து போகும், சட்டியின் சுவரோடு ஒத்துப்போகிற மாதிரி. வாங்கமுதல் அந்த வளைவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். எங்கள் சாதாரண லேத்தில், ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) முன்சுற்றில், டூல் நம் பக்கம் நிமிர்ந்து நிற்கும்போது, பிளேட்டின் அடி சக்கின் நடுவை நோக்கி வளைய வேண்டும். டூலைக் கவிழ்த்துப் பிடித்து ஸ்பிண்டிலைப் பின்சுற்றில் ஓட்டுபவருக்கு வளைவு மாறும். கட்டலொக்கில் இடது கை, வலது கை, அதற்குள் இரண்டு வகை வளைவு என்று போட்டுத் தலையைச் சுற்றவைப்பார்கள். நான் ஒருமுறை பிழையான கையை வாங்கி, அது இன்னும் லாச்சியில் கிடக்கிறது.

நானாவின் மூடிக்கு வருகிறேன். பெரியப்பா வளைந்த ஹோல்டர் ஒன்றும் கேட்கவில்லை. காடியின் ஆழம் என்ன என்று கேட்டார். இரண்டரைச் சொச்சம் என்றேன். "பிறகென்ன, முன்னுக்குச் சரிச்சு வெட்டி விடு" என்று எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கிரைண்டருக்குப் போய்விட்டார். அன்று அவர் செய்தது எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. காடி 2.65 மி.மீ. ஆழம் மட்டும் என்றால், டூலின் முன்பக்க 2.65 மி.மீ. தானே உள்ளே போகிறது? சாதாரண டூலில் முன்பக்கச் சரிவு 7 பாகை அளவில் இருக்கும். அந்தச் சரிவில் 10 மி.மீ. கீழே போனாலும் டூல் 1.2 மி.மீ. தான் பின்வாங்கியிருக்கும், ஆகவே வயிறு இன்னும் காடிக்குள். முன்பக்கத்தை 30 பாகைக்குச் சரித்துவிட்டால் 4.6 மி.மீ. கீழே போகும்போதே டூல் காடியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. அந்த 4.6 மி.மீ. உயரத்தில் 96 விட்டச் சுவர் உள்ளே வருவது 0.22 மட்டும், பக்கத்தில் 3 பாகை விட்டால் அதற்குக் காணும். வளைவே தேவையில்லை! ஆழம் குறைந்த ஓ றிங் காடிகளுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. வாய் மெலிந்து போகும், அதனால் பீட் (டூலை உள்ளே தள்ளும் வேகம்) கவனம், அவ்வளவுதான். இப்போது பழைய பார்ட்டிங் ஹோல்டர் ஒன்றின் பிளேட்டை இன்சேர்ட்டுக்குக் கீழே இதே மாதிரிச் சரித்து, வெளிப்பக்கத்தையும் கொஞ்சம் தின்னவைத்து, ஓ றிங் வேலைக்கென்றே வைத்திருக்கிறேன்.

அன்று எச்.எஸ்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 70 சுற்றில், நல்லெண்ணெய் மாதிரித் தடித்த வெட்டெண்ணெயைத் தூரிகையால் பூசிப் பூசி வெட்டினோம். ஸ்டெயின்லெஸில் டூலை உள்ளே வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடாது, பீட் நின்ற இடத்தில் உலோகம் இறுகி அடுத்த சுற்றில் வாயைக் கொல்லும். ஒன்றில் வெட்டு, இல்லையென்றால் வெளியே வா. நானாவின் படகு விடியவே இறங்கியது.

ஓ றிங் காடி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையில் முகக் காடி என்று வரும் வேலையில் பெரும்பங்கு இதுதான், படகுக்காரர், பம்புக்காரர் எல்லாரும் ஒழுகுகிற மூடியோடு வருவார்கள். 3.53 மி.மீ. தடிப்புள்ள றிங்கை அசையாத முகத்தில் வைப்பதென்றால் ஆழம் 2.57 முதல் 2.72 வரை, அகலம் 4.5 முதல் 4.75 வரை. 2.65 ஆழத்தில் றிங் 25 வீதம் நசியும், அது நல்ல நசிவு. அகலம் ஏன் றிங்கைவிட ஒரு மி.மீ. கூட என்று ஆட்கள் கேட்பார்கள், இறுக்கமாக வெட்டித் தா என்றும் கேட்பார்கள். றபர் சுருங்காது, இடம் மாறும். மேலே நசித்தால் பக்கத்தில் பிதுங்கும், அதற்கு இடம் விடவேண்டும். அடி மூலையில் 0.3 அல்லது 0.4 ஆரையுள்ள இன்சேர்ட் போதும், கூர் மூலை வேண்டாம்.

அடுத்தது, எந்தச் சுவர் முக்கியம்? தண்ணீர் அழுத்தம் உள்ளே இருந்து தள்ளினால் றிங் வெளிச்சுவரில் போய்ச் சாயும், அப்போது காடியின் வெளி விட்டத்தை றிங்கின் வெளி விட்டத்துக்குப் பொருத்த வேண்டும். வெற்றிடம், அல்லது வெளியே இருந்து அழுத்தம் என்றால் உட்சுவர். இதைக் கேட்காமல் வெட்டிக் கொடுத்தால், அளவு சரியாக இருந்தும் அழுத்தம் ஏறும்போதெல்லாம் றிங் இடம் மாறித் தேய்ந்து கொஞ்ச நாளில் ஒழுகும். இன்னொன்று, காடியின் அடித்தரையை எமரித் தாளால் குறுக்கே தேய்த்து மினுக்காதீர்கள். டூல் விட்ட வட்டக் கோடுகள் கொஞ்சம் தெரிந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் அந்தக் கோட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறுக்குக் கீறல் ஒன்று இருந்தால் அது வாய்க்கால்.

சரி, ஆழமான காடி. இங்கேதான் டூல் போகும் பாதை என்ற கதையே வருகிறது, தம்பி மாட்டிய இடமும் இதுதான்.

தம்பலகாமத்தில் ஒரு நெல் ஆலைக்கு, பேரிங்குக்குள் தவிட்டுத் தூசி போகாமல் தடுக்கும் மூடி ஒன்று செய்தோம். மென்னிரும்பு. காடியின் வெளி விட்டம் 140, அகலம் 12, ஆழம் 18. இதைக் கட்டை சரித்து ஏமாற்ற முடியாது, 18 மி.மீ. உள்ளே போகும் டூலின் வயிறும் கூடவே போகும். வளைந்த ஹோல்டர்தான் வேண்டும். ஹோல்டரில் '100–150' என்று அடித்திருக்கும். அந்த எண்களை இன்சேர்ட்டின் எண்ணைவிட முதலில் படியுங்கள். முதல் வெட்டின் வெளி விட்டம் அந்த எல்லைக்குள் விழவேண்டும். 100க்குக் குறைந்தால் வெளிச்சுவர் பிளேட்டின் வெளிப்பக்கத்தை உரசும். 150க்குக் கூடினால் இன்னொரு வேடிக்கை, வளைந்த பிளேட்டின் உட்பக்கம் உட்சுவரில் முட்டும், ஏனென்றால் பெரிய வட்டத்தின் சுவர் அவ்வளவு வளையாது, பிளேட் அளவுக்கு மிஞ்சி வளைந்திருக்கும். இரண்டு ஹோல்டர் பொருந்துகிறது என்றால் வளைவு குறைந்ததை, அதாவது பெரிய விட்டத்துக்கானதை எடுங்கள், அது உறுதி. பிளேட்டின் நீளமும் அப்படித்தான், 18 ஆழத்துக்கு 20 போகும் பிளேட் இருக்கும்போது 30 போவதை மாட்டினால் நடுங்கும்.

இப்போது முக்கியமான வசனம்: எல்லை முதல் வெட்டுக்கு மட்டும். முதல் காடி விழுந்துவிட்டால் பிறகு டூலுக்கு ஒரு பக்கம் வெளி, அதற்குப் பிறகு அச்சை நோக்கி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அகலமாக்கிக்கொண்டு போகலாம். ஆகவே வெளியே தொடங்கு, உள்ளே வா. தம்பியின் காடி வெளி விட்டம் 70, உள் விட்டம் 50. அவனிடம் இருந்த ஹோல்டர் 60–95. அவன் 50இல் இருந்து தொடங்கி வெளியே வந்திருக்கிறான். 4 மி.மீ. இன்சேர்ட்டில் அந்த முதல் வெட்டின் வெளி விட்டம் 58. இரண்டே மி.மீ. குறைவு! அதே ஹோல்டர், அதே இன்சேர்ட், அதே ஸ்பீட், 70இல் இருந்து தொடங்கியிருந்தால் ஒரு சத்தமும் வந்திராது. கேட்டால், வெளிப்பக்கம் காடி வெட்டும்போது எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒன்றுதானே, அந்தப் பழக்கம் என்கிறான். நான் தான் பழக்கியவன், என்ன சொல்வது.

ஆலை மூடிக்கு 4 மி.மீ. இன்சேர்ட் போட்டேன். 12க்கு ஏன் 6 போடவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் மெசின் அதற்கு நடுங்கும். அகலம் கூடக் கூட வெட்டும் பலம் கூடும், பழைய லேத்துக்கு 3, 4 தான் மரியாதை. ஆழம் அகலத்தைவிடக் கூட என்பதால் குத்திக் குத்தி எடுப்பதுதான் வழி. அகலம் கூடி ஆழம் குறைந்த காடி என்றால் பக்கவாட்டில் கடைந்துகொண்டு போகலாம். இரண்டு சுவரிலும் 0.2 மிச்சம் விட்டேன், நடுவில் 11.6. முதல் குத்து வெளியே, முழு 4 மி.மீ. அடுத்த மூன்று குத்தும் இரண்டரை, இரண்டே முக்கால் அளவில் உள்ளே தள்ளித் தள்ளி. சுற்று 270, அதாவது நிமிடத்துக்கு 120 மீற்றருக்குக் கிட்ட.

முதல் குத்துத்தான் உயிரை வாங்கும். சீவலுக்கு இரண்டு பக்கமும் சுவர், வெளியேற ஒரே வழி டூல் வந்த வழி. நல்ல இன்சேர்ட் என்றால் அதன் முகத்தில் உள்ள பள்ளம் சீவலை இரண்டு பக்கமும் ஒடுக்கி, மணிக்கூட்டு ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டி விடும். சீவல் காடியைவிடக் கொஞ்சம் ஒடுக்கமாக வரவேண்டும், இல்லையென்றால் சுவரைக் கீறிக்கொண்டு வரும். அதனால் கடையில் இன்சேர்ட் வாங்கும்போது கடைசல் பள்ளம் உள்ளதா, காடிப் பள்ளம் உள்ளதா என்று பாருங்கள், நிறம் தங்கமா கறுப்பா என்பதெல்லாம் பிறகு. கிரேட்டும், எங்களைப் போல ஆடுகிற மெசின்காரருக்கு, தேய்மானம் தாங்குவதைவிட அடி தாங்குவதுதான் நல்லது. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு மேல் போன நேரம் ஒரு இன்சேர்ட்டை உடைப்பது ஒரு நேரச் சோற்றை நாய்க்குப் போடுவது மாதிரி இருந்தது, அப்போது பழகிய பழக்கம் இது.

முதல் குத்துக்கு பீட் சுற்றுக்கு 0.08 வைத்து, இரண்டு மி.மீ.க்கு ஒருமுறை கொஞ்சம் பின்வாங்கிச் சீவலை முறித்தேன். கூலன்ட் காடிக்குள்ளேயே போய் விழவேண்டும், வெளியே சக்கைக் குளிப்பாட்டிப் பிரயோசனமில்லை. இரண்டாம் குத்தில் இருந்து ஒரு பக்கம் திறந்திருப்பதால் சீவல் தானாக உடையும், அப்போது பீட்டை 0.12க்கு ஏற்றலாம். சிலர் இன்னொரு பாதை போவார்கள்: முழு அகலத்தில் ஒரு குத்து, கொஞ்சம் வளையம் மிச்சம் விட்டு அடுத்த முழுக் குத்து, பிறகு நடு வளையத்தை எடுப்பது. இன்சேர்ட்டின் இரண்டு மூலையும் ஒரே அளவாகத் தேயும், நல்ல முறைதான். ஆனால் அந்த இரண்டாவது முழுக் குத்தும் ஒரு 'முதல் வெட்டு' என்பதை மறந்துவிடக்கூடாது. அதன் வெளி விட்டமும் ஹோல்டரின் எல்லைக்குள் இருக்கவேண்டும். தம்பியின் 70 காடியில் அப்படிச் செய்தால் இரண்டாவது குத்து 58க்கே வந்து நிற்கும், மறுபடி அதே மினுக்கம்.

கடைசியாகச் சுவரைச் சுத்தம் செய்யும் பாதை. வெளிச்சுவரோடு கீழே இறங்கி, அடித்தரையை உள்நோக்கி வழித்துக்கொண்டு வந்து, உள் மூலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று வெளியே வந்துவிடுவேன். பிறகு உட்சுவரோடு மேலே இருந்து இறங்கி அந்த மூலையை முடிப்பேன். ஒரே இழுப்பில் தரையை வழித்து மூலைக்குள் போய்ச் சுவரில் ஏறலாம் என்று ஆசை வரும். மூலையில் சீவல் இறுகி டூல் கடிக்கும், சுவரில் அடையாளம் விழும். இன்னொரு சின்ன விசயம், குத்தி இறங்கிய டூலை அப்படியே பக்கவாட்டில் இழுக்காமல் 0.1 பின்வாங்கி இழுங்கள். பக்கப் பலத்தில் பிளேட் வளையும், அப்போது வாயின் நுனி மற்றப்படி இருந்ததைவிட ஆழமாக இறங்கும்.

டூல் அச்சுக்கு நேராக நிற்கிறதா என்று டயல் வைத்துப் பார்க்கச் சோம்பல்பட வேண்டாம். அரைப் பாகை சரிந்தால் 18 ஆழத்தில் 0.16 மி.மீ. பக்கம் போகும், அந்த அளவும் உரசலே. சென்டர் உயரமும் 0.1க்குள் இருக்கட்டும்.

சி.என்.சி.யில் (கணினி ஓட்டும் லேத்) ஃபானக் கொன்ட்ரோல் என்றால் ஜி74 என்ற கட்டளை இந்த வேலைக்கென்றே இருக்கிறது, கியூவில் ஒவ்வொரு குத்தின் ஆழம், பியில் பக்கம் தள்ளும் அளவு, இரண்டும் மைக்ரோனில். இரண்டாம் வரியில் உள்ள ஆர் எழுத்தை நான் எழுதுவதே இல்லை. அடியில் போய்ப் பக்கவாட்டில் விலகச் சொல்லும் எழுத்து அது, முழுக் காடிக்குள் எங்கே விலகுவது? பி இன்சேர்ட்டின் அகலத்தைவிடக் குறைவா என்பதையும் இரண்டு தரம் பாருங்கள், 2500க்குப் பதிலாக 25000 அடித்த ஆட்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவரை மிக நன்றாகத் தெரியும்.

டூலைக் கவிழ்த்துப் பின்சுற்றில் ஓட்டினால் சீவல் கீழே விழும், முகக் காடிக்கு அது மிக நல்லது. ஆனால் சக்கைத் திருகி மாட்டும் பழைய லேத்தில் அதைச் செய்யவே வேண்டாம். பின்சுற்றில் சக் கழன்று வந்தால் ஓட இடமிருக்காது. எங்கள் பழைய இந்திய லேத் அந்த வகை, அதனால் எனக்கு அந்தச் சுகம் கிடையாது.

கரண்ட் போகும்போதும் ஒரு கதை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி முழு இலங்கைக்கும் கரண்ட் போனதே, அந்த நேரம் நான் ஒரு காடிக்குள் 11 மி.மீ. ஆழத்தில் இருந்தேன். மோட்டர் நின்றாலும் சக் கொஞ்ச நேரம் சுழலும். அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் கைச்சில்லைப் பின்னே சுற்றி டூலை வெளியே எடுத்துவிட வேண்டும். வெட்டுக்குள் சக் நின்றால் கார்பைட்டின் வாய் சிந்தும். நான் 'சே' என்று லைட்டைப் பார்த்தேன், லைட்டைப் பார்த்த நேரம் இன்சேர்ட் போனது. குரங்குக்கு பில் அனுப்ப முடியாது.

இப்போது மேசையில் ஒரு பித்தளை வால்வு மூடி கிடக்கிறது. காடியின் வெளி விட்டம் 24, அகலம் 3, ஆழம் 6. என்னிடம் உள்ள எந்த ஹோல்டரும் இந்த விட்டத்துக்கு இறங்காது. 10 மி.மீ. கீழே வெளிச்சுவர் 5 மி.மீ.க்கு மேல் உள்ளே வந்துவிடுகிறது, 6 ஆழத்துக்கு முன்பக்கத்தைச் சரித்தும் தப்ப முடியாது. ஆகவே எச்.எஸ்.எஸ். உருண்டைக் கம்பி ஒன்றை எடுத்து, போரிங் பார் மாதிரிப் பிடித்து, வெளிப்பக்கம் முழுவதையும் வட்டமாகவே தீட்டவேண்டும். ஒரு பழைய 22 மி.மீ. வொஷரை வெட்டி அளவுக்கு வைத்திருக்கிறேன், தீட்டத் தீட்ட அதை அடியில் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க. கச்சான் காற்று அடித்துப் பட்டறை முழுக்க அடுப்பு மாதிரி இருக்கிறது, வெயில் சாய்ந்த பிறகு கிரைண்டரைப் போடலாம் என்று இருக்கிறேன்.